கட்டட நிறுவனங்களுக்குக் கிளீனிங் செய்கிறீர்களா? பிரிட்டனின் சிஐஎஸ் வரிப் பிடித்தம்: முழுமையான வழிகாட்டி

1,500 பவுண்டுக்கு பில் கொடுத்தீர்கள். வங்கியில் 1,200 பவுண்டுதான் விழுந்திருக்கிறது. கேட்டால் "சிஐஎஸ் பிடிச்சாச்சு" என்று ஒரே வரியில் பதில் வருகிறது. பிரிட்டனில் கட்டட நிறுவனங்களுக்கு சப்-கான்ட்ராக்டராக கிளீனிங் செய்கிற எல்லாருக்கும் இது பழகிப்போன விஷயம். அந்த 300 பவுண்டு எங்கே போகிறது, எவ்வளவு திரும்ப வரும், முதலிலேயே குறைவாகப் பிடிக்க வைக்க வழி உண்டா என்பது மட்டும் பலருக்குத் தெரிவதில்லை.

சிஐஎஸ் என்பது கட்டுமானத் தொழிலுக்கென்று பிரிட்டன் அரசு வைத்திருக்கும் தனி வரித் திட்டம். இப்போதைய வடிவம் 2007 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. சட்டம் 2004ஆம் ஆண்டு நிதிச் சட்டம். கான்ட்ராக்டர் உங்கள் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து, உங்கள் பெயரில் வருமான வரித் துறைக்கு, அதாவது எச்எம்ஆர்சிக்குக் கட்டுகிறார். அது உங்கள் வருமான வரிக்கும், நேஷனல் இன்சூரன்ஸ் எனும் சமூகக் காப்பீட்டுச் சந்தாவுக்கும் முன்பணம். வருடக் கணக்கு முடித்ததும் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள். பெரும்பாலான கிளீனர்களுக்கு மிச்சம் இருக்கும். ஜனவரியில் கணக்காளர் ஏதோ வித்தை செய்து ரீஃபண்ட் வாங்கித் தருகிறார் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் பதிவு செய்த பெயரும், பில்லில் எழுதிய வரிகளும், பத்திரப்படுத்திய ரசீதுகளும்தான் அந்தத் தொகையைத் தீர்மானிக்கின்றன.

படி 1: உங்கள் வேலை சிஐஎஸ்ஸுக்குள் வருகிறதா?

எல்லாக் கிளீனிங்கும் வராது. 2004 சட்டத்தின் 74ஆம் பிரிவு, கட்டடத்தைக் கட்டும்போது, மாற்றியமைக்கும்போது, பழுதுபார்க்கும்போது, விரிவாக்கும்போது அல்லது புதுப்பிக்கும்போது செய்யும் உட்புறச் சுத்தத்தைக் கட்டுமான வேலையாகவே கணக்கில் எடுக்கிறது. வேலை நடக்கும்போது செய்யும் முதல் சுற்று, முடிந்தபின் செய்யும் பில்டர்ஸ் கிளீன், சாவி கொடுப்பதற்கு முந்தைய ஸ்பார்க்கிள் கிளீன் ஆகிய மூன்றும் உள்ளே.

ஏற்கெனவே மக்கள் புழங்கும் அலுவலகத்தையோ கடையையோ தினமும் துடைப்பது வெளியே. அந்த அலுவலகம் ஒரு கட்டட நிறுவனத்துடையதாக இருந்தாலும் அதேதான். கட்டுமான இடத்தில் கேன்டீன் நடத்துவது, தொழிலாளர் வசதி அறைகளைப் பார்த்துக்கொள்வது போன்றவையும் கட்டுமானம் அல்ல. வெளிச்சுவரை மட்டும் கழுவுவது தனியாக நின்றால் உட்புறச் சுத்தம் என்ற வரியில் அடங்காது. பெயின்ட் அடிப்பதற்கு முன்னேற்பாடாகவோ, கட்டுமானத்தை முடித்துக் கொடுக்கும் வேலையின் பகுதியாகவோ செய்தால் உள்ளே வந்துவிடும். வீட்டுக்காரர் நேரடியாக உங்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டைச் சுத்தம் செய்யச் சொன்னால் சிஐஎஸ் இல்லை. அவர் கான்ட்ராக்டர் அல்ல.

இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே ஒப்பந்தத்தில் பில்டர்ஸ் கிளீனும் இருக்கிறது, நிறுவனத்தின் அலுவலகத்தை வாராவாரம் துடைப்பதும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தின் கீழ் வரும் பணம் முழுவதும் சிஐஎஸ்ஸுக்குள் போய்விடும். இரண்டுக்கும் தனித்தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அலுவலக வேலைப் பணத்தில் கை வைக்க முடியாது. வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்றாலும், ஒரு மின்னஞ்சலிலாவது பிரித்து எழுதி வாங்குங்கள்.

படி 2: நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்பவரா?

இந்தக் கேள்வியை யாரும் விரும்புவதில்லை. கான்ட்ராக்டருக்கு நீங்கள் சுயதொழிலாளராக இருப்பதே வசதி. விடுமுறைச் சம்பளம் வேண்டாம், ஓய்வூதியப் பங்கு வேண்டாம். ஆனால் "இவர் சிஐஎஸ்" என்று அவர் சொல்வதால் நீங்கள் சுயதொழிலாளர் ஆகிவிட மாட்டீர்கள். எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் கட்டளையா? உங்களுக்குப் பதில் வேறொருவரை அனுப்ப முடியுமா? வேலை சரியில்லை என்றால் உங்கள் செலவில் திரும்பச் செய்ய வேண்டுமா? கருவியும் சுத்தம் செய்யும் மருந்தும் யாருடையவை? இவற்றின் விடையைப் பொறுத்தே நிலை தீர்மானமாகும். எச்எம்ஆர்சி இணையதளத்தில் இதைச் சோதிக்க இலவசக் கருவி இருக்கிறது. முடிவைச் சேமித்து வையுங்கள்.

அலுவலகக் கிளீனர்களுக்கு இன்னொரு பழைய விதியும் உண்டு. 1978ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஒன்று, குடியிருப்பு அல்லாத இடங்களில் அலுவலகக் கிளீனராகவும் அது போன்ற நிலையிலும் வேலை செய்பவரை நேஷனல் இன்சூரன்ஸ் விஷயத்தில் ஊழியராகவே நடத்துகிறது. கட்டட நிறுவனத்தின் அலுவலகத்தை நிரந்தரமாகத் துடைப்பவர்கள் இதைக் கணக்காளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வரக் கூடாது. அந்த விசாவில் சுயதொழில் செய்ய அனுமதியே இல்லை. "யுடிஆர் (வரி எண்) எடுத்துட்டு வா, சைட்ல வேலை இருக்கு" என்று தெரிந்தவர் கூப்பிட்டால் போய்விடாதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் என்பது இங்கே பேச்சே இல்லை. சப்-கான்ட்ராக்டராக இருப்பதே விசா நிபந்தனையை மீறுவதாகும்.

படி 3: பதிவு, அதிலும் பெயர்

சுயதொழிலாளராகப் பதிந்து யுடிஆர் எனும் 10 இலக்க வரி எண்ணை வாங்குங்கள். கூடவே சிஐஎஸ் சப்-கான்ட்ராக்டராகவும் பதியுங்கள். இவை இரண்டு தனித்தனிப் பதிவுகள். யுடிஆர் கையில் இருக்கிறது என்பதால் சிஐஎஸ் பதிவு ஆகிவிட்டதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். பதிந்தவருக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள், பதியாதவருக்கு 30 சதவீதம். கட்டணம் எதுவும் கிடையாது.

பதிந்த பிறகும் சிலருக்கு 30 பிடிக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் பெயர்தான். கான்ட்ராக்டர் முதல் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பெயர், யுடிஆர், நேஷனல் இன்சூரன்ஸ் எண் ஆகியவற்றை எச்எம்ஆர்சியிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். நம் பெயர்கள் இங்கே பாடாய்ப் படுத்தும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். வங்கியில் இனிஷியலோடு இருக்கும். சைட்டில் எல்லாரும் சுருக்கி ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கான்ட்ராக்டர் அந்தச் சுருக்கப் பெயரைப் போட்டுச் சரிபார்த்தால் பதிவேட்டில் ஆள் கிடைக்காது. 30 சதவீதம் விழும். பதிவுக் கடிதத்தில் உள்ளபடியே, எழுத்து மாறாமல், பெயரையும் எண்களையும் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லாதீர்கள்.

30 பிடித்துவிட்டால் அந்தப் பணம் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதுவும் உங்கள் கணக்கில்தான் வரவாகும். ஆனால் வருடக் கணக்கு முடியும் வரை அதைத் தொட முடியாது.

படி 4: பில்லைப் பிரித்து எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். பிடித்தம் மொத்தத் தொகைக்கு அல்ல. வாட் வரி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருள்கள், வேலையில் தீர்ந்துபோகும் சாமான்கள், வாடகைக்கு எடுத்த இயந்திரம், அந்த இயந்திரத்துக்குப் போட்ட எரிபொருள் ஆகியவற்றை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சுவதில்தான் 20 சதவீதம்.

ஆறு ஃபிளாட்டுகளுக்கு ஒரு பில்டர்ஸ் கிளீன் என்று எடுத்துக்கொள்வோம். கூலி 1,500 பவுண்டு. சிமென்ட் கரைப்பான், சுரண்டும் பிளேடு, துணி, குப்பைப் பை எல்லாம் சேர்த்து 120. தரை தேய்க்கும் இயந்திர வாடகை 80. மொத்தம் 1,700. இப்படிப் பிரித்து எழுதினால் பிடித்தம் 1,500இல் 20 சதவீதம், அதாவது 300. கையில் 1,400 வரும். "கிளீனிங், 1,700" என்று ஒரே வரியில் எழுதினால் 340 பிடிப்பார்கள். ஒரு பில்லில் 40 பவுண்டு சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு 30 பில் போட்டால் 1,200 பவுண்டு உங்கள் கைக்கு வராமல் வரித் துறையிடம் கிடக்கும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில:

- பொருளை நீங்களே வாங்கியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் வாங்கிக் கொடுத்த மருந்துக்குக் கழிவு இல்லை. கடை விலைக்கு மேல் லாபம் வைத்து எழுதினாலும் வாங்கிய விலைதான் கழியும். கான்ட்ராக்டர் ரசீது கேட்கலாம், கேட்டால் காட்டுங்கள்.
- உங்கள் சொந்த வாக்குவம் கிளீனருக்கு வாடகை போட்டுக் கழிக்க முடியாது. வெளியிலிருந்து வாடகைக்கு எடுத்ததற்கு மட்டுமே.
- வேனுக்குப் போட்ட பெட்ரோல், பயணச் செலவு, சாப்பாடு, தங்கும் செலவு ஆகியவற்றைக் கான்ட்ராக்டர் கொடுத்தால் அவற்றிலும் பிடித்தம் உண்டு. பிரஷர் வாஷருக்குப் போட்ட பெட்ரோல் கழியும், வேனுக்குப் போட்டது கழியாது.
- நீங்கள் வாட் பதிவு செய்யாதவர் என்றால், பொருளுக்குக் கடையில் கொடுத்த வாட்டையும் சேர்த்தே பொருள் செலவாகக் காட்டலாம்.

வாட் பதிவு செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிவுக்கான வரம்பு இப்போது 12 மாதத்துக்கு 90,000 பவுண்டு. 2021 மார்ச் 1 முதல், சிஐஎஸ்ஸுக்குள் வரும் வேலைக்கு, வாட் பதிவு செய்த கான்ட்ராக்டருக்கு நீங்கள் பில் போட்டால் பொதுவாக வாட்டை நீங்கள் வசூலிக்கக் கூடாது. அதை அவரே கணக்கு வைப்பார். பில்லில் "ரிவர்ஸ் சார்ஜ்" என்று குறிப்பிட வேண்டும்.

படி 5: ஆள் வைத்து வேலை செய்தால்

கிளீனிங்கில் தனி ஆளாக நிற்பது அரிது. மச்சான், நண்பர், அவர் மனைவி என்று இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் போவார்கள். பணம் ஒருவர் கணக்குக்கு வரும். அவர் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். அந்த நிமிடமே அவர் சப்-கான்ட்ராக்டர் மட்டும் அல்ல, கான்ட்ராக்டரும்தான். கான்ட்ராக்டராகப் பதிய வேண்டும், ஒவ்வொருவரையும் சரிபார்க்க வேண்டும், அவர்களிடம் பிடிக்க வேண்டும், மாதாமாதம் கணக்குக் காட்ட வேண்டும். வரி மாதம் 6ஆம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 5ஆம் தேதி முடியும். கணக்கு 19ஆம் தேதிக்குள் போக வேண்டும். ஆன்லைனில் பணம் 22ஆம் தேதிக்குள். ஒரு நாள் தாமதமானாலும் 100 பவுண்டு அபராதம், இரண்டு மாதம் தாண்டினால் இன்னொரு 200. உதவிக்கு வருபவர் உண்மையில் உங்கள் ஊழியர் என்றால் சிஐஎஸ் அல்ல, சம்பளப் பட்டியல் நடத்த வேண்டியிருக்கும்.

கைக்கு வரும் பணத்தையும் பாருங்கள். மேலே சொன்ன அதே 1,700 பவுண்டு வேலை. இரண்டு உதவியாளர்களுக்குத் தலைக்கு 450, மொத்தம் 900. மேல் கான்ட்ராக்டர் உங்கள் முழுக் கூலியான 1,500இல் 300 பிடிக்கிறார். நீங்கள் உதவியாளர்களுக்குக் கொடுப்பதைக் கழிக்க மாட்டார், அது பொருள் அல்ல. உங்களுக்கு வருவது 1,400. உதவியாளர்களிடம் 20 சதவீதம் பிடித்து 720 கொடுக்கிறீர்கள், பிடித்த 180ஐ வரித் துறைக்குக் கட்டுகிறீர்கள், பொருளுக்கும் வாடகைக்கும் 200 போய்விட்டது. மிச்சம் 300. உங்கள் உண்மையான வருவாய் 600. அதில் சரிபாதி வரித் துறையில் உட்கார்ந்திருக்கிறது. உங்களிடம் பிடித்த 300ஐ நீங்கள் கட்ட வேண்டிய 180க்கு ஈடுகட்டலாமே என்று தோன்றும். லிமிடெட் கம்பெனியாக இருந்தால் முடியும், தனிநபருக்கு அந்த வழி இல்லை. ஆள் வைத்து வேலை எடுப்பவர்கள் வருட நடுவில் கைக்காசு இல்லாமல் திணறுவது இதனால்தான்.

இதற்கு வழி, பிடித்தமே இல்லாமல் முழுப் பணம் பெறும் தகுதி. எச்எம்ஆர்சியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டனில் கட்டுமான வேலை செய்ய வேண்டும், தொழில் வங்கிக் கணக்கு வழியாக நடக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் வாட்டும் பொருள் செலவும் போக வருமானம் தனிநபருக்கு 30,000 பவுண்டாவது இருக்க வேண்டும், வரிகளையும் கணக்குகளையும் நேரத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல் வாட் கணக்கின் ஒழுங்கையும் பார்க்கிறார்கள். கிடைத்தால் நல்லதுதான், ஆனால் செலவாளிகளுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஜனவரியில் மொத்த வரியையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டிவரும்.

படி 6: ஸ்டேட்மென்ட்டை விடாதீர்கள்

வரி மாதம் முடிந்த 14 நாளுக்குள், அதாவது 19ஆம் தேதிக்குள், எவ்வளவு கூலி, எவ்வளவு பொருள், எவ்வளவு பிடித்தம் என்று எழுதிய ஸ்டேட்மென்ட்டைக் கான்ட்ராக்டர் தர வேண்டும். தரவில்லையென்றால் அதே மாதம் எழுத்தில் கேளுங்கள். கட்டட நிறுவனங்கள் திடீரென்று மூடிவிடுவது உண்டு. ஒரு வருடம் கழித்து யாரைத் தேடுவீர்கள்? ஸ்டேட்மென்ட் கிடைக்காவிட்டால் பில்லும், குறைவாக வந்த தொகையைக் காட்டும் வங்கிப் பக்கமும், கேட்டு எழுதிய மின்னஞ்சல்களும் உங்கள் சான்று. எச்எம்ஆர்சி நீங்கள் சொல்லும் தொகையைக் கான்ட்ராக்டர் அனுப்பிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தாவிட்டால் ரீஃபண்ட் நின்றுவிடும்.

படி 7: செலவுகள்

பில்லில் கழித்தது வேறு, வருடக் கணக்கில் கழிப்பது வேறு. பில்லில் கழிக்க முடியாத வேன் பயணம், சொந்த இயந்திரம், காப்பீடு எல்லாம் இங்கே கழியும்.

பயணத்தில்தான் பெரிய தொகை. சொந்தக் கார் அல்லது வேனுக்கு வருடத்தில் முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ் என்று கணக்கிடலாம். இதை எடுத்தால் பெட்ரோல், இன்சூரன்ஸ், பழுது தனியாகக் கிடையாது. பார்க்கிங்கும் லண்டன் நெரிசல் கட்டணமும் தனியே சேர்க்கலாம். பார்க்கிங் அபராதம் மட்டும் ஒருபோதும் செலவாகாது. வீட்டிலிருந்து சைட்டுக்குப் போவதைச் செலவாகக் காட்டலாமா? 1971இல் ஒரு செங்கல் கட்டும் சப்-கான்ட்ராக்டரின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வீடே தொழிலின் தளம் என்று ஏற்று, வீட்டிலிருந்து பல சைட்டுகளுக்குப் போன செலவை அனுமதித்தது. ஹார்ட்டன் எதிர் யங் என்று அந்த வழக்குக்குப் பெயர். கணக்கும் கருவியும் வீட்டில், வேலை மாறி மாறிப் பல சைட்டுகளில் என்பவர்களுக்கு இது பொருந்தும். வருடம் முழுக்க ஒரே இடத்துக்குப் போகிறவருக்குப் பொருந்தாது. தேதி, சைட்டின் அஞ்சல் குறியீடு, மைல் ஆகிய மூன்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள்.

மற்றவை: சுத்தப் பொருள்கள், வாக்குவம், ஏணி, பாதுகாப்பு பூட்ஸ், ஹெல்மெட், நிறுவனப் பெயர் போட்ட சட்டை, பொதுப் பொறுப்புக் காப்பீடு, சைட்டுக்குள் நுழையக் கேட்கும் சிஎஸ்சிஎஸ் அட்டையின் புதுப்பிப்புக் கட்டணம், தொலைபேசிக் கட்டணத்தில் தொழில் பங்கு, கணக்காளர் கட்டணம், உதவியாளர்களுக்குக் கொடுத்த கூலி. சாதாரண ஜீன்ஸ், டீ-ஷர்ட்டை வேலைக்கு மட்டுமே போட்டாலும் கழியாது. வழக்கமான மதியச் சாப்பாடும் அப்படித்தான். செலவு மிகக் குறைவு என்றால் ரசீது எதுவும் இல்லாமல் 1,000 பவுண்டு தொழில் கழிவை எடுக்கலாம், ஆனால் இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது.

படி 8: வருடக் கணக்கு

வரி வருடம் ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. புதிதாகத் தொடங்கியவர் வருடம் முடிந்த பின் வரும் அக்டோபர் 5க்குள் பதிய வேண்டும். ஆன்லைன் கணக்கு ஜனவரி 31க்குள். ரீஃபண்ட் வர வேண்டியவர் ஜனவரி வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. ஸ்டேட்மென்ட்டுகள் கையில் இருந்தால் ஏப்ரலிலேயே போடுங்கள்.

அதிகம் நடக்கும் பிழை: வருமானக் கட்டத்தில் வங்கிக்கு வந்த தொகையைப் போடுவது. அங்கே பிடிப்பதற்கு முந்தைய முழுத் தொகை வர வேண்டும். பிடித்தத்துக்கு வேறு கட்டம் இருக்கிறது.

2025–26 விகிதங்களில் ஒரு கணக்கு. பில் மொத்தம் 34,000. அதில் பொருளும் வாடகையும் 3,400. மீதி 30,600க்கு 20 சதவீதம் பிடித்தது 6,120. செலவுகள்: பொருளும் வாடகையும் 3,400, 6,000 மைலுக்கு 2,700, காப்பீடு முதல் கணக்காளர் வரை 900. ஆக 7,000. லாபம் 27,000. வரியில்லாத 12,570 போக மீதி 14,430. அதற்கு வருமான வரி 20 சதவீதம் 2,886. சுயதொழிலாளர் கட்டும் நான்காம் வகுப்பு நேஷனல் இன்சூரன்ஸ் 6 சதவீதம் 865.80. மொத்தம் 3,751.80. பிடித்தது 6,120. திரும்ப வருவது 2,368.20. வேறு வருமானம் இருந்தாலும் ஸ்காட்லாந்தில் வசித்தாலும் கணக்கு மாறும். அந்த மைல் பட்டியல் இல்லாமல் போயிருந்தால் 2,700க்கு 26 சதவீதம், அதாவது 702 பவுண்டு குறைவாக வந்திருக்கும்.

பழைய வருடங்களை விட்டுவிட்டவர்கள், அந்த வரி வருடம் முடிந்து நான்கு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். லிமிடெட் கம்பெனி என்றால் வழி வேறு: சம்பளப் பட்டியல் கணக்கு வழியாக மாதாமாதம் ஈடுகட்ட வேண்டும், கார்ப்பரேஷன் வரிப் படிவத்தில் கேட்கக் கூடாது.

"ரீஃபண்ட் நிச்சயம்" என்று சதவீதக் கமிஷனுக்கு வேலை செய்பவர்களிடம் கவனமாக இருங்கள். இல்லாத செலவை எழுதி அதிகம் வாங்கித் தந்தால் பின்னால் எச்எம்ஆர்சி உங்களிடம்தான் கேட்கும். ரீஃபண்ட் உரிமையையே எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தங்கள் 2023 மார்ச் 15 முதல் செல்லாது. ஆனாலும் பணத்தைத் தன் கணக்குக்கு வாங்க உங்கள் கையெழுத்தைக் கேட்பவர்கள் உண்டு. உங்கள் வங்கிக் கணக்கையே கொடுங்கள்.

ஸ்டேட்மென்ட், பில், ரசீது, மைல் பட்டியல் எல்லாவற்றையும் ஜனவரி 31 கெடுவுக்குப் பின் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். 2026 ஏப்ரல் 6 முதல், 2024–25 கணக்கில் மொத்த வரவு 50,000 பவுண்டைத் தாண்டியவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மென்பொருள் வழியாகக் கணக்கு அனுப்ப வேண்டும். 2027 ஏப்ரலில் அந்த வரம்பு 30,000 ஆகும், 2028இல் 20,000. இதற்குப் பார்ப்பது லாபத்தை அல்ல, பிடிப்பதற்கும் செலவுக்கும் முந்தைய மொத்தத் தொகையை. ஆள் வைத்து வேலை எடுக்கும் கிளீனர்கள் லாபம் குறைவாக இருந்தாலும் இதில் முதலில் சிக்குவார்கள்.